மெர்போக்குக்குப் பள்ளிப் பயணம்: 'கடாரம் கொண்டான்' ஊருக்கு விருந்தாளியாகப் போவது எப்படி?

பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறையில் கற்றல் பயணம். மலேசியாவின் கெடா மாநிலம். ஐந்து நாள். ஹோட்டல் கிடையாது. மெர்போக் வட்டாரத்தில் இருக்கும் குடும்பங்களோடு தங்கணும்.

உடனே மனத்தில் என்ன ஓடும்?

"வைஃபை இருக்குமா?"
"குளியலறை எப்படி இருக்கும்?"
"அது சரி, மெர்போக் எங்கே இருக்கு?"

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குவோம். அதற்குப் பதில் தெரிந்தால், முதல் இரண்டும் அவ்வளவு பெரிசாத் தெரியாது.

மெர்போக் எங்கே இருக்கு?

கெடா மாநிலத்தின் தென்பகுதியில், சுங்கை பட்டாணி நகரத்துக்குச் சற்று வடமேற்கே இருக்கும் சிறிய ஊர் மெர்போக். பக்கத்திலேயே பீடோங், செமெலிங். சிங்கப்பூரிலிருந்து சாலை வழியாகச் சுமார் 700 கிலோமீட்டர். பேருந்தில் போனால் ஒரு நாளே போய்விடும். பினாங்குக்கு விமானத்தில் போய், பாலத்தைக் கடந்து வடக்கே போவது சுலபம்.

ஊரை நெருங்கும்போது ஒரு மலை கண்ணில் படும். அதுதான் ஜெராய் மலை. உயரம் 1,217 மீட்டர். நம்ம புக்கிட் தீமா மலையைப்போல ஏழு மடங்குக்கும் மேல். கரையோரச் சமவெளியில் அது தனியாக நிற்பதால் கடலில் வெகுதூரத்திலிருந்தே தெரியும். திசைகாட்டிக் கருவி இல்லாத காலத்து மாலுமிகளுக்கு அதுதான் அடையாளம்.

மலைக்குத் தெற்கே மெர்போக் ஆறு. ஆற்றின் இரு கரையிலும் கண்டல் காடு. மலை வழிகாட்டியது. ஆறு கப்பலுக்குப் பாதுகாப்பான இடம் கொடுத்தது. இரண்டும் சேர்ந்த இடத்தில் ஒரு துறைமுகம் வளராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அந்தத் துறைமுக வட்டாரத்தின் பெயரை நீங்கள் தமிழ்ப் பாடத்தில் கேட்டிருப்பீர்கள். கடாரம்.

ஹோட்டலில் தங்காமல் ஏன் வீட்டில் தங்கணும்?

அன்றைய வணிகர்களும் இங்கே தங்கத்தான் வேண்டியிருந்தது.

தென்மேற்குப் பருவக்காற்று இந்தியாவிலிருந்து கப்பல்களைக் கிழக்கே கொண்டுவந்து சேர்க்கும். திரும்பிப் போக வடகிழக்குப் பருவக்காற்று வீச வேண்டும். அதுவரை என்ன செய்வது? காத்திருக்கணும். சில மாதங்கள் உள்ளூர் மக்களோடு சாப்பிட்டு, அவர்கள் மொழியைப் பழகி, வியாபாரம் செய்து, காற்று மாறியதும் கிளம்பணும்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் புத்தகுப்தன். சுமார் 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மாலுமி. கெடாவுக்குத் தெற்கே, இன்றைய செபராங் பிறையில் கிடைத்த கல் ஒன்றில் அவர் பெயர் இருக்கிறது. பயணம் நல்லபடி முடிய வேண்டும் என்ற வேண்டுதல் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கல் இப்போது கொல்கத்தாவில், இந்திய அருங்காட்சியகத்தில் உள்ளது.

இந்தக் காலத்துக்கு வருவோம். பயணத்தின் ஒரு பகுதியாக வீடுகளில் தங்குவது நம் வட்டாரத்தில் புதிது இல்லை. 1974-இல் தொடங்கிய தென்கிழக்கு ஆசிய-ஜப்பானிய இளையர் கப்பல் திட்டத்தில், கப்பல் நிற்கும் நாடுகளில் இளையர்கள் உள்ளூர்க் குடும்பங்களோடு தங்குவது முக்கிய அங்கம். மலேசிய அரசாங்கம் தன் ஹோம்ஸ்டே திட்டத்தை 1995-இல் பகாங் மாநிலத்தின் தெமெர்லோவில் தொடங்கியது. வந்து தங்கும் பிள்ளையை மலாய்க் குடும்பங்கள் 'அனாக் அங்காட்' என்று அழைக்கும். வளர்ப்புப் பிள்ளை என்று அர்த்தம்.

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. மலேசியாவில் சாலையோரம் 'ஹோம்ஸ்டே' என்று பலகை வைத்த வீடுகள் நிறையப் பார்ப்பீர்கள். அவற்றில் பல, வாடகைக்கு விடும் காலி வீடுகள்தான். சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். குடும்பம் இருக்காது. உங்கள் பயணத் திட்டத்தில் 'ஹோம்ஸ்டே' என்று இருந்தால், "வீட்டுக்காரங்க நம்மகூட இருப்பாங்களா?" என்று ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள். பயணத்தின் தன்மையே அந்தப் பதிலைப் பொறுத்து மாறிவிடும்.

கடாரத்தைப் பற்றி நமக்குத் தெரிந்தது பாதிக் கதைதானா?

ராஜேந்திர சோழன், கடற்படை, 'கடாரம் கொண்டான்' பட்டம். இது எல்லாருக்கும் தெரியும். சுமார் 1025-இல் நடந்த அந்தப் படையெடுப்பைப் பற்றித் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு சொல்கிறது. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் நடந்ததைக் கேளுங்கள்.

சுமார் 1006. கடாரத்து மன்னர் சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரை கட்டத் தொடங்குகிறார். சைவரான ராஜராஜ சோழன் அதற்கு இடம் தந்ததோடு, ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயையும் அந்த விகாரைக்குக் கொடுக்கிறார். கடல் கடந்து வந்தவர்கள் தங்கள் வழக்கப்படி வழிபட சோழ நாட்டில் இடம் கிடைக்கிறது. ராஜராஜன் இறந்த பிறகு, அந்தத் தானம் நிலைக்கும்படி செப்பேட்டில் பொறிக்கச் செய்தவர் அவருடைய மகன் ராஜேந்திரன். 'லைடன் செப்பேடுகள்' என்று சொல்கிறார்களே, அவை இவைதான்.

அதே ராஜேந்திரனின் கப்பல்கள்தான் சில ஆண்டுகளில் கடாரத்தைத் தாக்கின. கடல் வணிகப் பாதை யார் கையில் இருப்பது என்ற போட்டி ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

கதை அதோடு முடியவில்லை. 1090-இல் கடாரத்து மன்னரின் தூதர்கள் மறுபடியும் சோழ நாட்டுக்கு வருகிறார்கள். முதலாம் குலோத்துங்கன் அந்த விகாரைக்கான தானத்தை மீண்டும் உறுதிப்படுத்துகிறார்.

விருந்தோம்பல், படையெடுப்பு, மறுபடியும் விருந்தோம்பல். நாம் நடுவில் இருக்கும் ஒரு பக்கத்தை மட்டும் கிழித்து எடுத்து டி-ஷர்ட்டில் அச்சடித்துக்கொள்கிறோம்.

மெர்போக்கில் ஒரு குடும்பம் உங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது, "இந்த ஊரை எங்க ராஜா ஜெயிச்சாரு"னு சொல்லிப் பாருங்க. எப்படி இருக்கும்? அந்த வீட்டுப் பிள்ளையும் 'கெடா துவா', அதாவது பழைய கெடா, என்று இதைத் தன் ஊர் வரலாறாகப் படித்து வளர்ந்த பிள்ளைதான்.

அருங்காட்சியகத்தில் எதைப் பார்க்கணும்?

மெர்போக் அருகே, ஜெராய் மலையடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகம் இருக்கிறது. வளாகத்திலேயே புக்கிட் பத்து பஹாட் சண்டியும் இருக்கிறது. பழைய கோயில் கட்டடங்களை இங்கே 'சண்டி' என்கிறார்கள். 'பத்து பஹாட்' என்றால் உளியால் செதுக்கிய கல்.

முதல் தடவை பார்க்கும்போது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம். கோபுரம் கிடையாது. கருங்கல் மேடையும் தூண்களைத் தாங்கிய கற்களும்தான். அவசரப்படாதீங்க. அந்தத் தூண்தாங்கிக் கற்களை எண்ணிப் பாருங்கள். அவற்றின்மேல் மரத்தூண்களும் கூரையும் இருந்திருக்க வேண்டும். மழையும் கறையானும் மரத்தைக் கொண்டுபோய்விட்டன, கல் மிஞ்சியது. மேடை இரண்டு பகுதியாக இருக்கும்: ஒன்று விமானம், இன்னொன்று மண்டபம். தமிழ்நாட்டுக் கோயில் அமைப்பை அறிந்தவர்களுக்கு இது பழகியது. ஆனால் கட்டிய விதம் இந்த ஊருடையது. இந்த மழைக்கும் இங்கே கிடைத்த மரத்துக்கும் ஏற்றது.

இதை 1936-37-இல் அகழ்ந்தவர்கள் எச். ஜி. குவாரிட்ச் வேல்ஸும் அவருடைய மனைவி டோரத்தியும். 1959-60-இல் அலஸ்டர் லாம்ப் தலைமையில் கற்கள் மறுபடியும் அடுக்கப்பட்டன. வேறு இடங்களில் கிடைத்த சில சண்டிகளையும் பெயர்த்து வந்து இதே வளாகத்தில் வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பள்ளத்தாக்கில் கிடைத்தவற்றில் இந்து சமயத்தைச் சேர்ந்தவையும் உண்டு, பௌத்தத்தைச் சேர்ந்தவையும் உண்டு. சீனப் பீங்கான் துண்டுகளும் மேற்காசியக் கண்ணாடித் துண்டுகளும் கிடைத்துள்ளன. ஆக, இது சோழர்கள் வந்து கட்டிய ஊர் இல்லை. சோழர் கப்பல் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே உலகத்தோடு வியாபாரம் செய்துகொண்டிருந்த ஊர்.

அதற்குச் சாட்சி கொஞ்ச தூரத்தில் இருக்கும் சுங்கை பத்து. மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே நடத்திய அகழ்வில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள், உலைக்குள் காற்று ஊதப் பயன்பட்ட சுடுமண் குழாய்கள், படகுத்துறைகள் ஆகியவை வெளிப்பட்டன. சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே வேலை நடந்திருக்கிறது என்பது அவர்களின் கணிப்பு. அதற்கும் முந்தைய தேதிகளும் முன்வைக்கப்பட்டு, விவாதம் தொடர்கிறது.

"எங்க ஆளுங்க இங்க வந்து நாகரிகம் சொல்லிக் கொடுத்தாங்க" என்று யாராவது சொன்னால், அந்தச் சுடுமண் குழாய்களை நினைத்துக்கொள்ளுங்கள். இரும்பை உருக்கத் தெரிந்தவர்களிடம்தான் வெளியூர் வணிகர்கள் சரக்கு வாங்க வந்தார்கள்.

இதெல்லாம் பத்திரமாக இருக்கா?

எல்லாம் இல்லை. 2013 டிசம்பரில் வந்த ஒரு செய்தி மலேசியாவையே அதிர வைத்தது. சுங்கை பத்து வட்டாரத்தில் இருந்த 11-ஆம் எண் சண்டி, வீடமைப்புத் திட்டத்துக்காக நிலத்தைச் சமன்படுத்தியபோது இடிக்கப்பட்டிருந்தது. தனியார் நிலத்தில் இருந்த அந்தச் சண்டி, 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்படவில்லை.

மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று பலரும் அன்று கோபப்பட்டார்கள். ஆனால் கோபம் வந்தபோது சண்டி இல்லை.

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதிதான். சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் கட்டத் தொடங்கிய விகாரையும் இன்று இல்லை. நாகையில் கிடைத்த புத்தர் வெண்கலச் சிலைகளைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

நீங்கள் எடுக்கும் படங்கள் இந்த இடத்தில்தான் பயன்படும். செல்ஃபி ஒன்று போதும். மீதிப் படங்களில் கல்லை எடுங்கள், விளக்கப் பலகையை எடுங்கள், தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். கல்மேல் ஏறி நிற்காதீங்க. ஒரு செங்கல் துண்டைக்கூடப் பையில் போடாதீங்க.

அங்கே எப்படித் தமிழ்க் குடும்பங்கள்?

நாகப்பட்டினம் இந்தக் கதையில் இரண்டாம் தடவை வருகிறது.

1909-இல் ஆங்கிலோ-சயாமிய ஒப்பந்தத்தின்படி கெடா, சயாமிடமிருந்து பிரிட்டிஷாரின் செல்வாக்குக்கு மாறியது. ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. பால் வெட்ட ஆள் வேண்டும். சென்னை, நாகப்பட்டினத் துறைமுகங்களிலிருந்து கப்பல் கப்பலாக மக்கள் பினாங்குக்கு வந்தார்கள். பலரைக் கங்காணிகள் ஊரிலிருந்து திரட்டிக் கூட்டி வந்தார்கள். 1938-இல் இந்திய அரசாங்கம் அந்த ஆள்சேர்ப்பை நிறுத்தியது.

முன்பு வணிகர்கள் வந்த அதே கடல்தான். ஆனால் இந்தத் தடவை வந்தவர்கள் விருந்தாளிகளும் இல்லை, படைவீரர்களும் இல்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போய் நின்று, லயத்து வீட்டில் குடியிருந்து, கூலி வாங்கியவர்கள்.

அவர்கள் சும்மா இருந்துவிடவும் இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு 'தொண்டர் படை' என்ற அமைப்பு எழுந்தது. கூலியைக் கரைத்த கள்ளுக்கடைகளுக்கு எதிராக அதன் உறுப்பினர்கள் மறியல் செய்தார்கள். 1947-இல் பீடோங் வட்டாரத்தில் போலீசாரோடு நடந்த மோதல்களில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நீங்கள் ஐஸ் கச்சாங் சாப்பிட நிற்கும் அதே பீடோங்தான்.

பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. தோட்டத்துப் பிள்ளைகள் சுங்கை பட்டாணிக்கும் பினாங்குக்கும் வேலைக்குப் போனார்கள். சிலர் சிங்கப்பூருக்கும் வந்தார்கள். உங்கள் புளோக்கில் இருக்கும் மலேசிய அண்ணனோ அக்காவோ இந்தப் பக்கத்துக்காரராக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் தங்கப்போகும் வீட்டில் ஒரு பாட்டி இருந்தால், அருங்காட்சியகத்தில் இல்லாத விஷயம் அவரிடம் இருக்கும். "பாட்டி, நீங்க பால் வெட்டியிருக்கீங்களா?" என்று மட்டும் கேளுங்கள். பிறகு பேசாமல் உட்காருங்கள்.

வீட்டில் எப்படி நடந்துக்கணும்?

சில குறிப்புகள்:

• "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டால், காலை உணவு சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். அங்கே இது காலை வணக்கம் மாதிரி. சிரித்துக்கொண்டே பதில் சொல்லுங்கள்.

• தமிழ் வீட்டில் 'ஆன்ட்டி', 'அங்கிள்' என்பதைவிட அத்தை, மாமா, பெரியம்மா, அக்கா என்று கூப்பிட்டால் சந்தோஷப்படுவார்கள். எப்படிக் கூப்பிடலாம் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். மலாய் வீட்டில் 'மக் சிக்', 'பாக் சிக்' சரியாக இருக்கும்.

• கெடா மலாய் உங்களுக்குப் புதிதாக இருக்கும். 'நீ' என்பதற்கு 'ஹாங்' என்பார்கள். கோபமாகப் பேசுகிறார்கள் என்று நினைக்காதீங்க. அது நட்பு. ஆனால் பெரியவர்களிடம் நீங்கள் 'ஹாங்' போடாதீங்க.

• கெடாவில் வார விடுமுறை வெள்ளி, சனி. ஞாயிறு பள்ளி நாள். சனிக்கிழமை இரவு நீங்கள் நெடுநேரம் சத்தமாகப் பேசினால், மறுநாள் சீக்கிரம் எழ வேண்டிய அந்த வீட்டுத் தம்பிக்குத்தான் கஷ்டம்.

• குளியலறையில் ஷவர் இல்லாமல் தொட்டியும் வாளியும் இருக்கலாம். தொட்டிக்குள் இறங்கக் கூடாது. தண்ணீரை மொண்டு ஊற்றிக் குளிக்கணும்.

• சாப்பிடாத உணவு ஏதும் உண்டா? ஒவ்வாமை உண்டா? முன்கூட்டியே ஆசிரியர் மூலம் சொல்லிவிடுங்கள். சமைத்து வைத்த பிறகு சொன்னால், அத்தை இரண்டாம் தடவை அடுப்பு மூட்டுவார். வேண்டாம் என்று நீங்கள் சொன்னாலும் மூட்டுவார்.

• வீட்டுக்குள் படம் எடுக்கும் முன் கேளுங்கள். உங்களுக்கு அது 'வித்தியாசமான பழைய சமையலறை'. அவர்களுக்கு அது வீடு.

• "எங்க காசுக்கு இதெல்லாம் ரொம்ப மலிவு" என்ற பேச்சு வேண்டவே வேண்டாம். ரிங்கிட்டில் சம்பளம் வாங்குபவருக்கு அது மலிவு இல்லை.

வைஃபை? பல வீடுகளில் இருக்கும். ஆனால் அதைக் கேட்பது உங்கள் முதல் வாக்கியமாக இருக்க வேண்டாம்.

வெளியே சுற்றும்போது?

மெர்போக் ஆற்றில் படகில் போய்க் கண்டல் காட்டைப் பார்க்கலாம். ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு கரையில் தஞ்சோங் டாவாய், மறு கரையில் பந்தாய் மெர்டேக்கா. படகில் சில நிமிடங்களில் கடந்துவிடலாம். தஞ்சோங் டாவாயில் நெத்திலிக் கருவாடு பிரபலம். வாங்கினால் நன்றாகக் கட்டச் சொல்லுங்கள். பேருந்தில் உங்களோடு நாற்பது பேர் வரணும்.

மலையடிவாரத்தில் துப்பா அருவி இருக்கிறது. அழகான இடம். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். 2021 ஆகஸ்ட் 18-ஆம் தேதி ஜெராய் மலையில் பெய்த கனமழையால், யான், மெர்போக் வட்டாரங்களில் திடீர் வெள்ளம் மரங்களையும் பாறைகளையும் புரட்டிக்கொண்டு இறங்கியது. உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. உள்ளூர்க்காரர்கள் இதைக் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள்: தண்ணீரின் தலை. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம், மலை உச்சியில் மழை கொட்டலாம். தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ, இலையும் குச்சியும் மிதந்து வந்தாலோ, மேலிருந்து இரைச்சல் கேட்டாலோ உடனே கரையேறுங்கள். செருப்பை எடுக்கத் திரும்பிப் போகாதீங்க. "இன்னைக்கு அருவி வேணாம்" என்று அந்த வீட்டு மாமா சொன்னால், அது வேண்டாம்தான்.

திரும்பி வந்த பிறகு?

பொதுவாக இந்தப் பயணங்கள் ஒரு படத்தொகுப்போடு முடிந்துவிடும். 'நன்றி மெர்போக்' என்று ஒரு பதிவு, முப்பது விருப்பக்குறி, அவ்வளவுதான்.

விருந்து என்பது இரண்டு பக்கமும் போக வேண்டியது. அந்த வீட்டுத் தம்பியோ தங்கையோ என்றாவது சிங்கப்பூருக்கு வந்தால், உங்கள் வீவக வீட்டில் ஒரு பாய் விரிக்க இடம் இருக்குமா? "இடம் பத்தாதே" என்று சொல்லத் தோன்றும். அவர்கள் வீட்டிலும் இடம் பத்தாமல்தான் இருந்தது. உங்களுக்கு அறையைக் கொடுத்துவிட்டு அவர்கள் கூடத்தில் படுத்திருப்பார்கள். நீங்கள் கவனிக்காமல் இருந்திருக்கலாம்.

ஆகவே கிளம்பும் முன் அந்தக் குடும்பத்தின் தொலைபேசி எண்ணை வாங்கி வச்சுக்குங்க. தமிழ்க் குடும்பம் என்றால் தீபாவளிக்கு, மலாய்க் குடும்பம் என்றால் நோன்புப் பெருநாளுக்கு ஒரு தடவை கூப்பிடுங்க. எடுத்ததும் அந்தப் பக்கத்திலிருந்து முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

"பசியாறிட்டியா?"